எண்ணும் கையும்: கணினி மில்லிங் இயந்திரம் வீட்டுப் பட்டறைக்கு வந்த வரலாறு



எண்களால் எழுதப்பட்ட கட்டளையைப் படித்து, அதன்படி மரத்தையும் உலோகத்தையும் தானே செதுக்கும் இயந்திரத்தைச் சி.என்.சி. மில்லிங் இயந்திரம் என்கிறோம். ஒரு காலத்தில் இது போர் விமானம் செய்யும் ஆலைகளில் மட்டுமே இருந்தது. இன்று இதன் சிறிய வடிவம் ஒரு மேசையின்மேல் அடங்கிவிடுகிறது. சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடமே இதற்குப் பட்டறையாகப் போதும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இந்த இயந்திரத்தோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. நாம் கணிதப் பாடத்தில் கற்பிக்கும் அச்சுத்தூரமே இந்த இயந்திரத்தின் தாய்மொழி. விகிதமும் தசமமும் இதன் இலக்கணம். அதற்கும் மேலாக, இந்த இயந்திரத்தின் வரலாற்றில் நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உள்ளது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைவினைஞனின் காலம்

கடைசல் இயந்திரத்தில் பொருள் சுழலும், வெட்டுளி நகரும். மில்லிங் இயந்திரத்தில் வெட்டுளி சுழலும். பொருள் மேசையோடு நகரும். 1862ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் என்பவர் உருவாக்கிய பொதுப்பயன் மில்லிங் இயந்திரம் இத்துறையில் ஒரு திருப்புமுனை. அதன் பிறகு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் மில்லிங் என்பது முழுக்க முழுக்கக் கைவினைஞனின் கலையாகவே இருந்தது. கைப்பிடிச் சக்கரத்தை எவ்வளவு திருப்புவது, வெட்டுளி எழுப்பும் ஓசை மாறினால் என்ன செய்வது, சீவல் எந்த நிறத்தில் விழ வேண்டும் என்பனவெல்லாம் அவனுடைய கையிலும் காதிலும் கண்ணிலும் இருந்தன.

கட்டளையைத் துளைகளாக எழுதி இயந்திரத்திற்குக் கொடுக்கும் எண்ணம் அதற்கும் முந்தியது. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் தறியமைப்பை உருவாக்கினார். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளிலும் அவர் பெயரால் வழங்கும் ஜக்கார்டு அமைப்பு பயன்பட்டு வருவதை நம்மில் பலர் அறிவோம். தறிக்கு வந்த அந்த எண்ணம் இரும்பை வெட்டும் இயந்திரத்திற்கு வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

மூவர் இயக்கிய இயந்திரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஜான் பார்சன்ஸ் (1913-2007) என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்து வந்தார். இறக்கையின் வளைவு சரியாக அமைய வேண்டுமானால், அதனைச் சரிபார்க்கும் அளவுத்தகடு துல்லியமாக இருக்க வேண்டும். அக்கால வழக்கப்படி வளைவின்மேல் 17 புள்ளிகளை மட்டும் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட பகுதியை வளைவு அளவுகோலால் வரைந்து இணைப்பார்கள். அதில் பிழை புகுந்தது.

பார்சன்சிடம் பணியாற்றிய பிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர் ஐ.பி.எம். நிறுவனத்தின் துளையட்டைக் கணிப்பானைப் பயன்படுத்தி 17 புள்ளிகளுக்குப் பதிலாக 200 புள்ளிகளைக் கணித்துத் தந்தார். புள்ளிகள் கிடைத்துவிட்டன, அவற்றை இரும்பில் எப்படி இறக்குவது? ஒருவர் பட்டியலைப் பார்த்து எண்களை உரக்கப் படித்தார். மற்றொருவர் கிடை அச்சின் சக்கரத்தைத் திருப்பினார். மூன்றாமவர் குறுக்கு அச்சின் சக்கரத்தைத் திருப்பினார். இவ்வாறு மூன்று மனிதர்கள் சேர்ந்து எண்களைக் கொண்டு உலோகத்தை வெட்டினார்கள். பின்னாளில் கணினி செய்த வேலையை அன்று வாய்விட்டுப் படித்த அந்த மனிதரே செய்தார் எனலாம்.

ஆசிரியர்கள் இக்காட்சியை வகுப்பறையில் அப்படியே நடத்திக் காட்டலாம். கட்டத்தாளை ஒட்டிய பலகையின் முன் இரு மாணவர்களை நிறுத்துங்கள். ஒருவர் இடம்வலமாக மட்டும், மற்றொருவர் மேல்கீழாக மட்டும் ஒரே எழுதுகோலை நகர்த்தட்டும். மூன்றாம் மாணவர் எண்களைப் படிக்கட்டும். அச்சுத்தூரம் என்றால் என்னவென்பது ஒரு பாட வேளைக்குள் விளங்கிவிடும். எண்ணைத் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதும் விளங்கும்.

1952இல் நடந்தது

சக்கரத்தைத் திருப்பும் மனிதருக்குப் பதிலாக மோட்டாரையும், எண்ணைப் படிக்கும் மனிதருக்குப் பதிலாகத் துளையிட்ட அட்டையையும் வைக்க இயலும் என்று பார்சன்ஸ் எண்ணினார். 1949இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் நுட்பத்திற்காக அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உதவியை நாடினார். காலப்போக்கில் பணி முழுவதும் அக்கழகத்தின் கைக்குச் சென்றுவிட, பார்சன்ஸ் ஓரங்கட்டப்பட்டார்.

1952ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அக்கழகம் உலகின் முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரத்தை மக்கள் முன் இயக்கிக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏறத்தாழ 300 வெற்றிடக் குழல்கள் இருந்தன. குளிர்பதனப் பெட்டியின் அளவுள்ள ஐந்து அலமாரிகளை அவை நிறைத்தன. கட்டளைகள் துளையிட்ட தாள்நாடாவில் இருந்தன. பார்சன்சும் ஸ்டூலனும் 1952இல் விண்ணப்பித்த காப்புரிமை 1958இல் கிடைத்தது. 1985இல் அமெரிக்க அரசு பார்சன்சுக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

இயந்திரம் பிறந்துவிட்டாலும் அதற்குக் கட்டளை எழுதுவது பெரும் பாடாக இருந்தது. டக்ளஸ் ராஸ் என்பவரின் தலைமையில் ஏ.பி.டி. என்ற நிரல்மொழி உருவாயிற்று. 1959ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனை அறிமுகப்படுத்தியபோது, அம்மொழியால் வெட்டப்பட்ட அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை நிருபர்களுக்கு நினைவுப் பரிசாக அளித்தார்கள். பின்னர் 1960களில் தரப்படுத்தப்பட்ட ஜி-கோடு என்னும் எளிய குறிமொழியே இன்றுவரை உலகெங்கும் வழக்கில் உள்ளது.

எண்ணும் கையும் பிரிந்தன

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அதே காலத்தில் மற்றொரு வழியும் இருந்தது. 1946-47ஆம் ஆண்டுகளில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வேறொரு முறையை முயன்றது. தேர்ந்த கைவினைஞர் ஒருவர் ஒரு பொருளைத் தம் கையால் வெட்டுவார். அவருடைய அசைவுகள் நாடாவில் பதிவாகும். பிறகு இயந்திரம் அந்த அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும். இம்முறையில் கைவினைஞரே ஆசான், இயந்திரம் மாணவன்.

இம்முறை நிலைபெறவில்லை. எண்முறையே வென்றது. டேவிட் நோபல் என்ற வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு காரணம் கூறினார். எண்முறை தொழில்நுட்பத்தால் மட்டும் வெல்லவில்லை. வேலையைப் பற்றிய அறிவைப் பட்டறைத் தொழிலாளியிடமிருந்து அலுவலகத்திற்கு மாற்ற முதலாளிகளும் படைத்துறையும் விரும்பியதும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். அதே சமயம், சிக்கலான வளைவுகளை எந்தக் கைவினைஞராலும் கையால் வெட்டிக் காட்ட இயலாது என்பதையும் மறுக்க முடியாது. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. எண் ஓர் அறையிலும் கை மற்றோர் அறையிலும் ஆயின.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதன்று. ஜொகூர் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பாருங்கள். பால்மரம் வெட்டிய கை தொழிலாளியுடையது. பாலின் எடை எழுதப்பட்டது கிராணியின் ஏட்டில். ரப்பர் உருளைகளைப் பழுது பார்த்தவரும், செம்பனை ஆலையின் கொதிகலனைக் காத்தவரும், செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்போடு உழைத்தவரும் நம்மவர்களே. ஆனால், இயந்திரத்தின் வரைபடம் பெரும்பாலும் வேறு எங்கோ, வேறு யார் மேசையிலோ இருந்தது. கைத்திறன் நம்மிடம் குறைவின்றி இருந்தது. எண் நம்மிடம் இல்லை. 1970களில் தொழிற்சாலைகள் பெருகியபோதும், பொத்தானை அழுத்தும் வேலைக்கே நம் இளைஞர்கள் பலர் சென்றனர்.

கோயம்புத்தூர் காட்டிய வழி

பழுது பார்ப்பதோடு நில்லாமல் இயந்திரத்தையே உருவாக்கும் நிலைக்கு உயர்ந்த தமிழர்களும் உண்டு. அதற்குக் கோயம்புத்தூரே சான்று.

1888இல் ஸ்டேன்ஸ் பஞ்சாலையுடன் தொடங்கிய அந்நகரின் ஆலைத் தொழில், 1932இல் பைகாரா நீர்மின்சாரம் வந்த பின் வேகமாக வளர்ந்தது. ஆலை இயந்திரங்கள் பழுதாகும்போது உதிரிப் பாகங்களைக் கப்பலில் வரவழைப்பது தாமதமும் செலவும் மிக்கதாக இருந்தது. எனவே உள்ளூர்ப் பட்டறைகள் அவற்றைத் தாமே செய்யத் தொடங்கின. 1937இல் பீளமேட்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஜி. டி. நாயுடு (1893-1974), இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டிக் கற்றவர் என்பது தமிழகம் அறிந்த செய்தி.

கோயம்புத்தூரின் சிறப்பு பெரிய ஆலைகளில் மட்டும் இல்லை. கணபதி, ஆவாரம்பாளையம் போன்ற பகுதிகளில் வீட்டையொட்டிய சிறு கூடங்களில் ஒரு லேத்தும் ஒரு துளையிடும் இயந்திரமும் வைத்துக் கூலிக்கு வேலை செய்து தரும் குடும்பங்கள் பெருகின. பம்பு, மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றின் பாகங்கள் அங்கே உருவாயின. 1962இல் பஞ்சாலை இயந்திரங்களுக்காகத் தொடங்கப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1988இல் சி.என்.சி. இயந்திரங்களைத் தயாரிக்கும் பிரிவைத் தொடங்கியது. இவ்வகை இயந்திரங்கள் பின்னர்ச் சிறு பட்டறைகளுக்கும் பரவின. முன்பு கைச்சக்கரம் சுழற்றியவரின் மகன் திரையில் நிரலைத் திருத்தும் நிலை வந்தது. ஒரே கூரையின்கீழ் எண்ணும் கையும் மீண்டும் சந்தித்தன.

ஐந்து அலமாரிகள் ஒரு சில்லுக்குள்

கோயம்புத்தூர்ப் பட்டறைக்கு வந்த இயந்திரம் நம் வீட்டு மேசைக்கும் வந்தது எவ்வாறு? 1971இல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற நுண்செயலியை வெளியிட்டது. அதன்பின் கட்டுப்பாட்டுப் பகுதி ஆண்டுதோறும் சிறுத்தது; விலையும் இறங்கியது. 1990களில் அமெரிக்கத் தரநிர்ணயக் கழகம் சாதாரணக் கணினியால் இயந்திரத்தை இயக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கி எல்லாருக்கும் பொதுவாக்கியது. தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த அது இன்று லினக்ஸ்சிஎன்சி எனப்படுகிறது. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காக ஆர்டுவினோ என்ற சிறு மின்பலகை பிறந்தது. 2009இல் நார்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் அந்தப் பலகையில் இயங்கும் ஜிஆர்பிஎல் என்ற நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். 32 கிலோபைட் நினைவகமே உள்ள ஒரு சில்லுக்குள் அது அடங்கியது. 1952இல் ஐந்து அலமாரிகள் செய்த பணியை விரல்நுனி அளவுள்ள சில்லு செய்தது.

2011இல் ஷேப்போக்கோ போன்ற திறந்த வடிவமைப்புகள் வந்தன. அதன்பின் வீட்டில் இயந்திரம் அமைப்பது பொறியாளருக்கு மட்டுமே உரியதாக இல்லை.

வீட்டில் நிறுவும்போது

புதிய இயந்திரம் பெட்டியில் வந்து இறங்கியவுடன் மின்சாரம் கொடுத்து வெட்டத் தொடங்குதல் தகாது. செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகக் காண்போம். நம் கணிதப் பாடம் இங்கே எத்தனை இடங்களில் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

முதலாவது, அடித்தளம். மேசை ஆடக்கூடாது. மட்டக்கோல் வைத்து இரு திசைகளிலும் சமன் பார்க்க வேண்டும். எர்த் கம்பி சரியாக இணைந்திருக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செங்கோணம். இரு அச்சுகளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் உள்ளனவா? ஓர் அச்சில் 150 மில்லிமீட்டர், மற்றதில் 200 மில்லிமீட்டர் நகர்த்திப் புள்ளியிட்டு, இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தால் 250 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து என்ற பழைய முக்கோணமே இது. வீடு கட்டும் கொத்தனாரும் இம்முறையை அறிவார்.

மூன்றாவது, சுழல்தண்டின் நேர்நிலை. தண்டில் டயல் கேஜைப் பொருத்தி மெல்லச் சுற்றினால், மேசையின் இடப்புறமும் வலப்புறமும், முன்னும் பின்னும், ஒரே அளவைக் காட்ட வேண்டும். வேறுபட்டால் தண்டு சாய்ந்துள்ளது என்று பொருள். அப்படியே வெட்டினால் பரப்பு படிப்படியாக அமையும்.

நான்காவது, அளவுப் பொருத்தம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும். ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1,600 ஆகும். திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துமாயின், 1,600ஐ 5ஆல் வகுக்க, மில்லிமீட்டருக்கு 320 படிகள். இந்த எண்ணைக் கணினியில் பதிந்து, 100 மில்லிமீட்டர் நகரக் கட்டளையிட்டு அளந்து பார்க்க வேண்டும். ஒருகால் 99.5 மட்டுமே நகர்ந்தால் முதலில் திருகுக்கும் மரைக்கும் இடையே ஆட்டம் உள்ளதா என்று பார்த்து நீக்க வேண்டும். அதன் பிறகும் அதே குறை நீடித்தால், 320ஐ 100ஆல் பெருக்கி 99.5ஆல் வகுத்தால் 321.6 என்ற புதிய எண் கிடைக்கும். நாம் கற்பிக்கும் நேர்விகிதக் கணக்கே இது.

ஐந்தாவது, வேகம். அலுமினியத்தை வெட்டும் வேகம் நிமிடத்திற்கு 100 மீட்டர் என்றும், வெட்டுளியின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். 100,000 மில்லிமீட்டரை வட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,300 சுற்றுகள். இரண்டு பற்களுள்ள வெட்டுளியின் ஒவ்வொரு பல்லும் 0.03 மில்லிமீட்டர் சீவுமாயின், நகரும் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 318 மில்லிமீட்டர். இயந்திரம் சிறியதாயின் இதனைக் குறைத்தே தொடங்க வேண்டும்.

ஆறாவது, தொடக்கப் புள்ளி. பொருளின்மேல் ஒரு தாள் துண்டை வைத்து, சுழலாத வெட்டுளியை மெல்ல இறக்கி, தாள் சிக்கும் இடத்தில் நிறுத்தினால் அதுவே உயர அச்சின் தொடக்கம். தாளின் தடிப்பாகிய ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு, பொருளுக்கு மேலே காற்றிலேயே ஒருமுறை முழு நிரலையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘ஜி1 எக்ஸ்50 ஒய்20 எஃப்300’ என்ற வரிக்கு, ‘நிமிடத்திற்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில், 50, 20 என்ற அச்சுத்தூரத்திற்கு நேர்க்கோட்டில் செல்’ என்பது பொருள். நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவரால் இதனைப் படித்துப் புரிந்துகொள்ள இயலும்.

கண்ணாடி அணியாமல் அருகில் செல்லக்கூடாது. கையுறை அணிந்த கையைச் சுழலும் தண்டருகே கொண்டு செல்லக்கூடாது. துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும். இயந்திரம் ஓடும்போது பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது.

இவ்வளவு எண்கள் இருந்தும், வெட்டும் ஓசை மாறும்போது நிறுத்தத் தெரிந்த காதும், பொருளைச் சரியாக இறுகப் பிடிக்கத் தெரிந்த கையும் தேவை. எண்ணைக் கற்றதனால் கையின் தேவை நீங்கிவிடவில்லை.

நம் பிள்ளைகளுக்காக

பெற்றோர்களே, நம்மிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. நன்றாகப் படிக்கும் பிள்ளை மருத்துவமோ சட்டமோ பயில வேண்டும். படிப்பு வராத பிள்ளைதான் பட்டறைக்குச் செல்ல வேண்டும் என்பதே அது. மேலே கண்ட கணக்குகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். இவை படிப்பு வராதவருக்கான வேலையா? கணிதத்தில் சிறந்த பிள்ளைக்கும் இங்கே இடமுண்டு. கையால் செய்வதில் ஆர்வமுள்ள பிள்ளைக்குக் கணிதம் ஏன் வேண்டும் என்பதற்கு இங்கே விடையும் உண்டு. குளுவாங்கில் தொழிற்கல்லூரியும், அண்டை மாவட்டமான பத்து பகாட்டில் உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையமும், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் உள்ளன. இவை நம் ஊரிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை.

ஆசிரியர்களே, 2014 முதல் நான்காம் ஆண்டில் அறிமுகமான வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தைச் சிலர் ஓய்வுநேரப் பாடமாகக் கருதியதுண்டு. அப்பாடத்தையும் கணிதத்தையும் இணைத்துக் கற்பித்தால், அச்சுத்தூரம் என்பது தேர்வுத்தாளோடு முடியும் ஒன்றன்று என்பதை மாணவர் உணர்வர். பள்ளிக்கு இயந்திரம் வாங்க இயலாவிட்டாலும் கட்டத்தாளும் எழுதுகோலும் மூன்று மாணவர்களும் போதும். பார்சன்சின் பட்டறையில் அன்று இருந்தவர்களும் மூவர்தாம்.

நம் முன்னோர் கையால் இந்நாட்டின் தோட்டங்களையும் தண்டவாளங்களையும் உருவாக்கினார்கள். எண் அவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. இன்று அது இலவச நிரலாகவும் எளிய மின்பலகையாகவும் நம் வீட்டு வாசலுக்கே வந்துள்ளது. பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிடாமல், அந்தப் பொத்தானுக்குப் பின்னுள்ள எண்ணை எழுதும் இடத்திற்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நம் அனைவரின் கடமையாகும்.